பிரஷர் மாத்திரையும் வயிற்றுப் பிள்ளையும்: பெயரின் வாலைப் பாருங்கள்

பரிசோதனைக் குச்சியில் இரண்டாவது கோடு தெரிந்தபோது காலை ஆறரை மணி. அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த மாத்திரை அப்போதும் என் உள்ளங்கையில் இருந்தது. டெல்மிசார்ட்டன் 40 மி.கி., அதோடு ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 மி.கி. சேர்ந்த ஒற்றை மாத்திரை. மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் போட்டுவந்தது. நான் மருந்தாளுநர். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை ஆகாது என்று பதினோரு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிவந்தவள். எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வராது என்பதால் நாள் தள்ளிப்போனதே உறைக்கவில்லை. கணக்குப் பார்த்தால் ஏழு வாரம் ஆகியிருந்தது.

அந்தக் காலையில் பயந்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. பையனுக்கு இப்போது நான்கு வயது, ஓடி விளையாடுகிறான். ஆனால் அந்த நிலையில் இருக்கும் ஒரு பெண் என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று யாராவது அன்று எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அட்டையைத் திருப்புங்கள்

முன்பக்கம் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விடுங்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அந்தப் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

‘பிரில்’ என்று முடிந்தால் (எனலாப்பிரில், ரமிப்பிரில், லிசினோபிரில், பெரிண்டோபிரில்) கர்ப்பத்தில் ஆகாது. ‘சார்ட்டன்’ என்று முடிந்தால் (லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஓல்மிசார்ட்டன், வால்சார்ட்டன்) அதுவும் ஆகாது. அலிஸ்கிரன் என்ற மருந்தும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். மூன்றுமே உடலில் ஒரே பாதையைத்தான் அடைக்கின்றன.

ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்துகள் இருக்கலாம். டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சேர்ந்து வரும். இதயம் பலவீனமானவர்களுக்குத் தரும் சகுபிட்ரில் மாத்திரைக்குள் வால்சார்ட்டன் இருக்கிறது. அதனால் முதல் வரியைப் படித்துவிட்டு நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். சர்க்கரை நோய்க்காகச் சிறுநீரகத்தைக் காப்பாற்றவும் இதே மருந்துகளைக் கொடுப்பதுண்டு. ‘எனக்குத்தான் பிரஷரே இல்லையே’ என்று நினைத்தபடி ரமிப்பிரில் போட்டுக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

‘லால்’ என்று முடிகிற பெயர்களில் மட்டும் வாலை நம்ப முடியாது. லபெட்டலால் கர்ப்பத்தில் முதலில் கையில் எடுக்கும் மருந்துகளில் ஒன்று. அட்டெனலால் அப்படியல்ல. கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே அதைப் போட்டுவந்த தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதை 1990-லிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. பெயரில் இவ்வளவு நெருக்கம் இருப்பதால் சீட்டைப் படிக்கும்போது எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

குழந்தைக்கு என்ன ஆகிறது

இதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். காரணம் புரியாமல் ‘ஆகாது’ என்று மட்டும் கேட்டவர்கள் ஒன்று அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள், அல்லது தேவைக்கு மீறிப் பயந்துபோகிறார்கள்.

கருவில் இருக்கும் குழந்தை பத்துப் பன்னிரண்டு வாரத்தில் சிறுநீர் உண்டாக்கத் தொடங்குகிறது. பதினாறு வாரத்துக்குப் பிறகு பனிக்குடநீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். குழந்தை அதை விழுங்கும், மறுபடி வெளியேற்றும். அந்தத் தண்ணீரை உள்ளிழுத்து வெளிவிட்டுத்தான் நுரையீரல் விரிந்து வளர்கிறது. கை கால் நீட்டி மடக்கவும் அந்த இடம் வேண்டும்.

குழந்தையின் ரத்த அழுத்தம் மிகவும் குறைவு. அந்தக் குறைந்த அழுத்தத்திலும் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்ட ஆஞ்சியோடென்சின் என்ற சுரப்பு துணை நிற்கிறது. அம்மா போடும் பிரில், சார்ட்டன் மாத்திரைகள் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தைக்குள்ளும் அந்தச் சுரப்பை முடக்கிவிடுகின்றன. சிறுநீர் குறைகிறது, பனிக்குடநீர் வற்றுகிறது. நுரையீரல் சிறுத்துப்போகலாம், மூட்டுகள் மடங்கியபடியே இறுகலாம், மண்டை ஓட்டு எலும்பு சரியாக உருவாகாமல் போகலாம். பிறந்த பிறகு சிறுநீரே போகாமல், ரத்த அழுத்தம் விழுந்து, உயிரிழந்த குழந்தைகளும் உண்டு. நான்காம் மாதத்துக்குப் பின்னால்தான் இந்த ஆபத்து முழுவீச்சில் வருகிறது. 1992-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பிரில் மருந்துகளின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது இதற்காகத்தான்.

ஒரு முறை மருந்துக் கவுண்டருக்கு ஆறாம் மாதம் நடக்கும் பெண் ஒருவர் லோசார்ட்டன் சீட்டோடு வந்தார். வயிற்றைப் பார்த்துவிட்டு, “இது உங்களுக்காம்மா?” என்று கேட்டேன். ஆமாம் என்றார். “ஸ்கேன்ல தண்ணி கம்மியா இருக்காம். நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னாங்க” என்றார். பிரஷர் மாத்திரை எழுதியது ஒருவர், கர்ப்பத்தைப் பார்ப்பது வேறொருவர். என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லத் தோன்றாமல் இருந்துவிட்டார். அங்கிருந்தே மருத்துவருக்குப் போன் செய்தேன். அன்றே மருந்தை மாற்றினார்கள். மூன்று வாரத்தில் தண்ணீர் கூடியது, குழந்தை நலமாகப் பிறந்தது. எல்லோருக்கும் இப்படித் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு தாமதமாகத் தெரியவந்தாலும், தெரிந்த அன்றே மாற்றினால் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு.

தெரியாமல் முதல் வாரங்களில் போட்டிருந்தால்

நான் இருந்த நிலை இதுதான். 2006-இல் வந்த ஓர் ஆய்வு, முதல் மூன்று மாதத்தில் பிரில் போட்டவர்களின் குழந்தைகளுக்கு இதயக் குறைகள் அதிகம் என்றது. ஏழாம் வாரத்தில் அதை நினைத்துத்தான் இரவெல்லாம் அழுதேன். அதன் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் தாயின் சர்க்கரை நோய், உடல் எடை, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தன. அப்போது மருந்தின்மேல் விழுந்த பழி பெரும்பாலும் கரைந்துபோனது. உயர் ரத்த அழுத்தமே குழந்தையின் இதயக் குறைக்கு ஓரளவு காரணமாகிறது.

அதனால் முதல் வாரங்களில் இந்த மாத்திரை உள்ளே போய்விட்டது என்பதற்காக மட்டும் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. இதைச் சத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே அந்த யோசனையைச் சொன்னவர்கள் இருந்தார்கள். மருந்தை மாற்றிக்கொண்டு, பதினெட்டு முதல் இருபத்திரண்டு வாரத்தில் உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் ஸ்கேனைத் தவறாமல் எடுங்கள். எந்த வாரம் வரை என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதை ஸ்கேன் எடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்

என் கணவர் முதலில் சொன்னது, “இனிமே எந்த மாத்திரையும் வேண்டாம், எல்லாத்தையும் தூக்கிப் போடு.” அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த வழியில் வேறோர் ஆபத்து இருக்கிறது. கட்டுப்படாத பிரஷர் குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கும், நஞ்சுக்கொடியைக் கருப்பைச் சுவரிலிருந்து பிரித்துவிடும், குறைமாதப் பிரசவத்தில் கொண்டுவிடும், தாய்க்குப் பக்கவாதமும் வலிப்பும் வரவழைக்கும்.

நான் அன்று கையிலிருந்த மாத்திரையைப் போடவில்லை. ஒன்பது மணிக்கு என் மருத்துவருக்குப் போன் செய்து, “ஏழு வாரம், டெல்மிசார்ட்டன்ல இருக்கேன், எதுக்கு மாத்தணும்?” என்று கேட்டேன். மதியமே வரச் சொன்னார். பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும், கர்ப்பம் தெரிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் பிரில், சார்ட்டனை நிறுத்தி மாற்று மருந்து தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. அடுத்த மாதச் சந்திப்பு வரட்டும் என்று இருக்க வேண்டாம். இதயமோ சிறுநீரகமோ பாதித்து அதற்காக மருந்து எடுப்பவர்கள் மட்டும் தாங்களாகவே எதையும் நிறுத்தாமல் அதே மணி நேரத்தில் மருத்துவரைப் பிடியுங்கள். ‘லால்’ என்று முடியும் பீட்டா பிளாக்கர்களைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் படபடத்துப் பிரஷர் எகிறும்.

மாற்று மருந்துகள் மூன்று

லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா. உலகம் முழுக்கக் கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் எழுதுகிறார்கள்.

லபெட்டலால் நன்றாக வேலை செய்யும். சிலருக்கு உச்சந்தலையில் ஊசி குத்துவது போல ஒரு குறுகுறுப்பு வரும். அதனால் கெடுதல் இல்லை. ஆஸ்துமா இருந்தால் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், தவிர்க்க வேண்டும். எனக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. மருத்துவர் சீட்டு எழுதத் தொடங்கும்போதே அதைச் சொன்னேன். உங்களுக்கும் இருந்தால் அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். பிரசவம் வரை லபெட்டலால் எடுத்திருந்தால் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை குறையலாம், இதயத் துடிப்பு மெதுவாகலாம். முதல் ஓரிரு நாட்கள் கவனித்துப் பார்த்தால் சமாளித்துவிடலாம்.

எனக்குக் கொடுத்தது நிஃபெடிபின், மெதுவாகக் கரையும் வகை, 20 மி.கி. காலையும் இரவும். இதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. பல மணி நேரம் சிறுகச் சிறுக வெளிவர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிப் பிரஷரைக் கீழே தள்ளிவிடும். குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியாகப் போகும் ரத்தமும் அப்போது குறையும். முதல் பத்து நாள் எனக்குத் தலை இடித்தது, முகம் சூடாகிச் சிவந்தது, பிறகு தணிந்தது. கணுக்கால் வீக்கம் மட்டும் போகவே இல்லை. கர்ப்பத்தில் அது ஒரு குழப்பம்: மருந்தால் வந்த வீக்கமா, பிரீ-எக்லாம்ப்சியா என்கிற ஆபத்தான கர்ப்பகால ரத்த அழுத்த நோயால் வந்ததா? என் மருத்துவர் சொன்ன வழி எளிமையானது. காலில் மட்டும் இருந்து, படுத்து எழுந்தால் குறைந்தால் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள். முகத்திலோ கையிலோ திடீரென்று வந்தால், மோதிரம் இறுகினால், அன்றே சிறுநீரில் புரதம் பார்க்க வா.

மெத்தில்டோபா பழைய மருந்து, 1960-களிலிருந்து புழக்கத்தில் இருப்பது. தாய் அதைப் போட்டுப் பெற்ற பிள்ளைகளை ஏழரை வயது வரை தொடர்ந்து பார்த்து, வளர்ச்சியில் குறையில்லை என்று உறுதிசெய்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட சான்று வேறு பிரஷர் மருந்துகளுக்குக் குறைவு. ஆனால் தூக்கக் கலக்கம் தரும், வாய் உலரும், சிலருக்கு மனத்தைச் சோர்வில் ஆழ்த்தும். எட்டாம் மாதத்தில் பிரஷர் 148/94-க்கு ஏறியபோது எனக்கு இதையும் சேர்த்தார்கள். இரண்டு வாரத்தில் காரணமே இல்லாமல் அழத் தொடங்கினேன். கர்ப்பத்தில் எல்லோரும் அழுவார்கள் என்று விட்டிருந்தால் தெரியாமலே போயிருக்கும். மருத்துவரிடம் சொன்னேன், அளவைக் குறைத்தார். சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிறுநீரைக் கூட்டும், தண்ணீர் மாத்திரை என்று சொல்கிற தயசைட் வகையை எனக்கு நிறுத்திவிட்டார்கள். கர்ப்பத்தில் இயல்பாகக் கூட வேண்டிய ரத்தக் கொள்ளளவைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் பொதுவாகப் புதிதாகத் தொடங்குவதில்லை. ஸ்பைரனோலாக்டோன் ஆண் சுரப்புகளைத் தடுப்பது. ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்ற கவலை இருப்பதால் தவிர்க்கிறார்கள்.

பிரஷரை எந்த எண்ணில் வைத்திருப்பது

லேசாக ஏறிய பிரஷருக்கு மருந்து தந்தால் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைந்து எடை குறையுமோ என்று மருத்துவர்களே நெடுங்காலம் தயங்கினார்கள். 2022-இல் வெளிவந்த சாப் ஆய்வு அந்தத் தயக்கத்துக்குப் பதில் சொன்னது. அமெரிக்காவில் 2,400-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 140/90-க்குக் கீழே இருக்கும்படி மருந்து, மறு பிரிவுக்கு மிகவும் ஏறினால் மட்டும் மருந்து. கடுமையான பிரீ-எக்லாம்ப்சியா, மருத்துவக் காரணத்தால் 35 வாரத்துக்கு முன் பிரசவம், நஞ்சுக்கொடி பிரிதல், குழந்தை இறப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் மருந்து எடுத்த பிரிவில் 30 சதவீதம், மறு பிரிவில் 37 சதவீதம். எடை குறைந்து பிறந்த குழந்தைகளின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து எடுத்துக்கொள்ளத் தயங்குகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

மிகவும் இறக்கிவிடவும் கூடாது. கர்ப்பத்தின் நடுமாதங்களில் பிரஷர் தானாகவே இறங்கும். எனக்கு பத்தொன்பதாம் வாரத்தில் 104/64 வந்து, எழுந்தால் கண் இருட்டியது. மருந்தைப் பாதியாகக் குறைத்தார்கள். அதன் பிறகு மெல்ல ஏறும் என்று சொல்லியே அனுப்பினார்கள், ஏறியது. ஆகவே ஐந்தாம் மாதத்தில் எண் நன்றாக இருப்பதைப் பார்த்து ‘குணமாகிவிட்டது’ என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் பார்க்கும்போது ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில், பேசாமல். கைப்பட்டை உங்கள் கைச் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சின்னப் பட்டை பொய்யாக உயர்த்திக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். கர்ப்பிணிகளிடம் சோதித்துச் சரிபார்த்த கருவிதானா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாக் கருவியும் அப்படி இல்லை. 160/110-ஐத் தொட்டால் மறுநாளுக்குத் தள்ளாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எண் எதுவாக இருந்தாலும் தாங்க முடியாத தலைவலி, கண்ணில் மின்னல், வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைதல் இருந்தாலும் அப்படித்தான்.

கூடவே போடும் மற்ற மாத்திரைகள்

ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இருபது வாரத்துக்குப் பின் குழந்தையின் சிறுநீரகத்தை அழுத்திப் பனிக்குடநீரைக் குறைக்கும்; 2020-இல் எஃப்.டி.ஏ. இதற்கும் எச்சரிக்கை விடுத்தது. வலிக்குப் பாரசிட்டமால் கேளுங்கள். மூக்கடைப்புக்கான மாத்திரைகளில் பிரஷரை ஏற்றும் மருந்துகள் உண்டு. கொலஸ்ட்ரால் மாத்திரை ஏதாவது போட்டுவந்தால் அதைத் தொடரலாமா என்றும் கேளுங்கள்.

சேர்க்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது: குறைந்த அளவு ஆஸ்பிரின். முன்பே பிரஷர் இருப்பவர்களுக்குப் பிரீ-எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பை அது குறைக்கிறது. பன்னிரண்டாவது வாரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நான் இரவில் 150 மி.கி. எடுத்தேன், 36-ஆம் வாரத்தில் நிறுத்தினார்கள். உங்கள் மருத்துவர் அதைப் பற்றிப் பேசாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகும், அடுத்த குழந்தைக்கு முன்பும்

37 வாரத்தில் வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை 2.6 கிலோ. எல்லாம் முடிந்தது என்று நினைத்த நான்காம் நாள் பிரஷர் 158/100. பிரசவத்துக்குப் பின் மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் உச்சத்துக்குப் போவது பலருக்கும் நடப்பதுதான். குழந்தை வந்த சந்தோஷத்தில் யாரும் கருவியை எடுப்பதில்லை, எடுங்கள்.

மெத்தில்டோபாவைப் பிரசவமான இரண்டே நாளில் நிறுத்திவிட்டார்கள், மனச்சோர்வுக்கு இடம் தரக் கூடாது என்று. அதற்குப் பதில் எழுதியது எனலாப்பிரில். சீட்டைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அது சரிதான். தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே போகிறது, நிறைமாதக் குழந்தைக்குப் பிரச்சினை இல்லை. குறைமாதத்தில் பிறந்திருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

பால் மறந்தபின் மறுபடி டெல்மிசார்ட்டனுக்குத் திரும்பினேன். என் சிறுநீரகத்துக்கு அது நல்லது. கூடவே நம்பகமான கருத்தடை. இரண்டாவது குழந்தையைப் பற்றிப் போன மாதம் பேசத் தொடங்கினோம். இந்த முறை கருத்தடையை நிறுத்துவதற்கு முன்பே நிஃபெடிபினுக்கு மாறி, பிரஷர் அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிறுநீரில் புரதம் அதிகம் போகும் சிலருக்கு மட்டும், கர்ப்பம் உறுதியாகும் நாள் வரை பழைய மருந்தையே தொடரச் சொல்வார்கள். அவர்கள் மாதந்தோறும் நாள் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். மாத்திரை டப்பாவின் மூடியில் நான் கடைசி மாதவிடாய்த் தேதியை ஒட்டி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் திறக்கும்போது கண்ணில் படும் இடம் அது.